சைக்கிளை விட்டு இறங்காதவர்கள்: வாசகர் கேள்வி – பதில்

போன இதழில் ஒரு வாசகர் மே 4-ஆம் தேதிக்கு என்ன சிறப்பு என்று கேட்டிருந்தார். 1949-ல் அன்றுதான் மலாயாவில் (இன்றைய மலேசியாவில்) தொழிற்சங்கத் தலைவர் கணபதியைத் தூக்கிலிட்டார்கள் என்று ஒரே வரியில் பதில் எழுதினேன். அந்த ஒரு வரிக்குக் கட்டுக்கட்டாகக் கடிதங்கள் வந்துவிட்டன. அதனால் இந்த மாதப் பக்கம் முழுவதும் அதற்கே. பிள்ளைகளின் படிப்பைப் பற்றிக் கேட்டு எழுதியவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

புதிய வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. நான் கெடா மாநிலத்தில் ஒரு கித்தா (ரப்பர்) தோட்டத்தில், 1950-ல் பிறந்தவள். அம்மாவும் அப்பாவும் ரப்பர் மரத்தில் பால் வெட்டினார்கள். நான் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றேன். இங்கே நான் எழுதுவதில் பாதி படித்தது, மீதி அம்மாவிடம் கேட்டது.

கேள்வி: டீச்சர், தம்பிக்கோட்டை எங்கள் ஊருக்குப் பக்கம்தான். கணபதியை என் தாத்தா தியாகி என்பார். இணையத்தில் தேடினால் கம்யூனிஸ்ட் பயங்கரவாதி என்று வருகிறது. எது சரி?
– கல்லூரி மாணவர், பட்டுக்கோட்டை

தம்பி, முதலில் அந்தச் சொல்லைப் பார்ப்போம். 1949-ல் மலாயாவின் பிரிட்டிஷ் அரசு, தன்னை எதிர்த்துக் காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்ட் கெரில்லாக்களைக் 'கொள்ளைக்காரர்கள்' என்றுதான் எழுதியது. 'கம்யூனிஸ்ட் பயங்கரவாதி' என்ற சொல்லை 1952-ல்தான் அதிகாரபூர்வமாக்கினார்கள். கணபதி இறந்து மூன்று வருடம் கழித்து வந்த சொல்லை அவர் பெயரோடு ஒட்டியிருக்கிறார்கள்.

தஞ்சை மாவட்டத்துத் தம்பிக்கோட்டையில் பிறந்தவர், சின்ன வயதிலேயே சிங்கப்பூருக்கு வந்துவிட்டார். போர்க்காலத்தில் இந்திய தேசிய ராணுவத்தில் பயிற்சி கொடுப்பவராக இருந்தார். போர் முடிந்ததும் தொழிற்சங்க வேலைக்குப் போய், அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவரானார். சீனத் தொழிலாளர்கள் பெரும் பலமாக இருந்த சம்மேளனத்துக்கு ஒரு தமிழர் தலைவர். இதை நீங்கள் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். தோட்டத்தில் சீனருக்கு ஒரு கூலி, தமிழருக்கு ஒரு கூலி என்று பிரித்து வைத்திருந்த நாட்டில் அது நடந்தது. 1947-ல் இரண்டரை லட்சத்துக்கு மேல் உறுப்பினர்கள் என்று சம்மேளனம் கணக்குச் சொன்னது. அந்த ஒரு வருடத்தில் மட்டும் தோட்டம், சுரங்கம், துறைமுகம் எல்லாம் சேர்த்துச் சுமார் 300 வேலைநிறுத்தங்கள். அரிசி கள்ளச் சந்தையில் விற்ற காலம் அது. கூலி ஏறிய வேகத்தை விட அரிசி விலை ஏறிய வேகம் பல மடங்கு.

சம்மேளனத்தை உள்ளே இருந்து நடத்தியது மலாயாக் கம்யூனிஸ்ட் கட்சி. சிலர் இதை விட்டுவிட்டு எழுதுகிறார்கள், கணபதிக்கு நல்லது செய்வதாக நினைத்து. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அவர் கட்சிக்கு நெருக்கமான சங்கத் தலைவர்தான். அதைச் சொல்லிவிட்டே மற்றதைச் சொல்லலாம்.

மற்றது இதுதான். 1948 ஜூன் இரண்டாவது வாரத்தில் தொழிற்சங்கச் சட்டத்தைத் திருத்தினார்கள். சங்கப் பொறுப்புக்கு வருகிறவர் அந்தத் தொழிலில் மூன்று வருடமாவது வேலை செய்திருக்க வேண்டும். வெவ்வேறு தொழிலின் சங்கங்கள் ஒரே சம்மேளனமாகச் சேரக் கூடாது. இந்த இரண்டு விதியிலேயே கணபதியின் சம்மேளனம் சட்டவிரோதமாகிவிட்டது. ஜூன் 16 காலையில் பேராக்கில் சுங்கை சிப்புட் பக்கம் ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் மூன்று பேரைக் கம்யூனிஸ்ட் கெரில்லாக்கள் சுட்டுக் கொன்றார்கள். ஜூன் 18-ல் மலாயாக் கூட்டரசு முழுவதும் அவசரகாலம் அறிவித்தார்கள். நான் பள்ளியில் படித்த பாடம் சுங்கை சிப்புட்டில்தான் தொடங்கும். சங்கத்தைப் பூட்டிய நாள் அதற்கு முன்னால் வருகிறது என்பது எனக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது. தெரிந்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

1949 மார்ச்சில் சிலாங்கூரில் ரவாங் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கணபதியைப் பிடித்தார்கள். அவரிடம் ஒரு ரிவால்வரும் ஆறு தோட்டாவும் இருந்தன என்பது வழக்கு. அவசரகால விதிப்படி அனுமதியில்லாமல் துப்பாக்கி வைத்திருந்தாலே மரண தண்டனை. யாரையும் சுட்டிருக்க வேண்டியதில்லை. மார்ச்சிலேயே தீர்ப்பு வந்துவிட்டது. நேருவின் அரசு தண்டனையைக் குறைக்கும்படி கேட்டது. பிரிட்டிஷ் அரசு கேட்கவில்லை. மே 4 அன்று கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கு. அதற்கு முந்தின நாள், இன்னொரு சங்கத் தலைவரான வீரசேனனைப் பாதுகாப்புப் படையினர் சுட்டுக் கொன்றிருந்தார்கள்.

இதே விதியில் மாட்டிய இன்னொரு தமிழர் சாம்பசிவம். 1948-ல் ஜொகூரில் பிடிபட்டார். துப்பாக்கி வைத்திருந்ததாக ஒரு குற்றச்சாட்டு, தோட்டா வைத்திருந்ததாக இன்னொன்று. தோட்டா வழக்கில் விடுதலை. துப்பாக்கிக்காக மறுபடி விசாரித்து மரண தண்டனை. வழக்கு கடைசி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போனது. தோட்டா வழக்கில் குற்றமற்றவர் என்று விடுவித்த பிறகு, இரண்டையும் தான் வைத்திருந்ததாகச் சொல்லும் வாக்குமூலத்தைக் காட்டியே துப்பாக்கி வழக்கை நடத்த முடியாது என்று 1950-ல் தண்டனையை ரத்து செய்தார்கள். சட்டக் கல்லூரிகளில் இன்றைக்கும் அந்தத் தீர்ப்பைப் பாடமாகப் படிக்கிறார்கள். அவருக்கு அவகாசம் கிடைத்தது. கணபதிக்குப் பிடிபட்டதில் இருந்து கயிறு வரை இரண்டே மாதம்.

என் பதில்: சங்கக்காரர். துப்பாக்கி இருந்திருக்கலாம். அதற்கு உயிரை எடுத்தது அநியாயம். தாத்தா சொன்னதை நான் மாற்றச் சொல்ல மாட்டேன்.

கேள்வி: "துரை வந்தா சைக்கிள விட்டு எறங்கி நிக்கணும், நாங்க எறங்கலன்னுதான் சண்டையே" என்று என் பாட்டி சொல்வார். சைக்கிளுக்காக ஒரு போராட்டமா? எங்கள் வீட்டில் யாரும் நம்புவதில்லை.
– வாசகி, கிள்ளான்

நம்பச் சொல்லுங்கள். உங்கள் ஊரில்தான் நடந்தது, 1941-ல்.

ஐரோப்பாவில் போர். டயருக்கும் மற்ற எல்லாவற்றுக்கும் ரப்பர் வேண்டும். மலாயாவின் ரப்பரும் ஈயமும்தான் பிரிட்டனுக்கு டாலர் கொண்டுவந்தன. ரப்பருக்கு நல்ல விலை. ஆனால் தமிழ் ஆண்களுக்கு நாள் கூலி 50 காசு, பெண்களுக்கு அதைவிடக் குறைவு. அதே மாதிரி வேலைக்குச் சீனத் தொழிலாளிக்குக் கூடுதல் கூலி. கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் முதலில் கூலி உயர்வு கேட்டார்கள். தோட்ட முதலாளிகள் சங்கம் சில காசுகள் கூட்டிக் கொடுத்துப் பார்த்தது. அதற்குள் மக்கள் சங்கமாகச் சேர்ந்துவிட்டார்கள். பத்திரிகையில் வேலை செய்த ஆர்.எச். நாதன் அவர்களுக்கு வழிகாட்டினார்.

அப்புறம் வந்த கோரிக்கைப் பட்டியலைத்தான் நான் என் மாணவர்களுக்குக் கரும்பலகையில் எழுதிப் போடுவேன். சீனருக்குச் சமமான கூலி. பத்து, பன்னிரண்டு மணி நேர வேலை ஒழிய வேண்டும். அடிக்கிற கிராணிகளை (தோட்டக் கணக்கர்களை) மாற்றி, தமிழ் தெரிந்தவர்களைப் போட வேண்டும். பிள்ளைகளுக்கு ஒழுங்கான பள்ளிக்கூடம். ஒழுங்கான வைத்தியம். கள்ளுக்கடையை மூட வேண்டும். சொந்தக்காரர்கள் தோட்டத்துக்குள் வந்துபோகத் தடை கூடாது. பேச, கூட்டம் போட உரிமை. குறை சொன்னவனைப் பழிவாங்கக் கூடாது. துரைமாரும் உத்தியோகஸ்தர்களும் எங்கள் பெண்களைத் தொந்தரவு செய்வது நிற்க வேண்டும். துரைக்கும் கிராணிக்கும் முன்னால் சைக்கிளை விட்டு இறங்காமல் போக உரிமை.

பாட்டி சொன்ன சைக்கிள் இதில் இருக்கிறது. கூலி ஒரு வரி. மற்ற வரிகளை எல்லாம் படியுங்கள். 'எங்கள் பெண்களை' என்ற வரியை எழுதும்போது ஒவ்வொரு வருடமும் வகுப்பில் ஒரு பிள்ளையாவது தலையைக் குனிந்துகொள்ளும். அதன் வீட்டில் ஏதோ சொல்லியிருக்கிறார்கள் என்று எனக்குப் புரியும். நான் கேட்டதில்லை.

மே மாதம் 5-ஆம் தேதி நாதனைக் கைது செய்தார்கள். அவரை விடச் சொல்லித் தோட்டம் தோட்டமாக வேலையை நிறுத்தினார்கள். சுமார் 20,000 பேர் சேர்ந்தார்கள். மே 16-ல் சிலாங்கூரில் அவசரநிலை. கூட்டத்தை அடக்க இந்தியச் சிப்பாய்களையே கொண்டுவந்து நிறுத்தினார்கள். ஐந்து தொழிலாளர்கள் செத்தார்கள். நாதனை இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள்.

ஏழே மாதம். டிசம்பர் 8-ல் ஜப்பான்காரன் கோத்தா பாருவில் இறங்கினான். எந்தத் துரைக்காகச் சைக்கிளை விட்டு இறங்கச் சொன்னார்களோ, அவர்கள் தோட்டத்தைப் போட்டது போட்டபடி சிங்கப்பூருக்கு ஓடினார்கள். அம்மா அதைப் பார்த்திருக்கிறார். "பங்களாவில விளக்குகூட அணைக்காமப் போயிட்டாங்க" என்பார்.

கேள்வி: கள்ளுக்கடை மறியலைக் காந்தியக் கணக்கில் வைப்பதா, தொழிற்சங்கக் கணக்கில் வைப்பதா?
– வாசகர், பினாங்கு

இரண்டிலும் வையுங்கள். கெடாவில் அது மூன்றாவதாக ஐ.என்.ஏ. (இந்திய தேசிய ராணுவ) கணக்கிலும் வரும்.

போர் முடிந்து திரும்பிய பையன்கள் அணிவகுக்கக் கற்றிருந்தார்கள். பீடோங் பக்கம் ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ.எம். சாமி தலைமையில் 'தொண்டர் படை' தொடங்கியது. சாயங்காலம் கம்போடு வரிசையில் நிற்பார்கள். கள்ளுக்கடை தோட்டத்துக்கு உள்ளேயே இருந்தது. காலையில் தோட்டம் கொடுத்த கூலியில் ஒரு பங்கு சாயங்காலம் அங்கேயே திரும்பிப் போகும். தொண்டர் படை கேட்டதெல்லாம் அந்தக் கடையை மூடு என்பதுதான்.

என் அப்பா குடித்தார். இதை எழுத எனக்குத் தயக்கம் இல்லை, அவரே எல்லாரிடமும் சொல்லுவார். 1946-ல் ஒரு சம்பள நாள் ராத்திரி தொண்டர் படைப் பையன்கள் அவரைத் தோளைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் மாரியம்மன் கோயில் முன்னால் நிறுத்தினார்கள். சூடம் கொளுத்தி அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னார்கள். அம்மா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் பிறந்த பிறகு அப்பா குடித்து நான் பார்த்ததே இல்லை. வேறு சிலரை மரத்தில் கட்டி வைத்ததும் உண்டு. அது தப்பு என்று அம்மாவே சொல்வார்.

1947 பிப்ரவரி 28-ல் பீடோங்கில் கூடிய கூட்டத்தைப் போலீஸ் தடியால் அடித்துக் கலைத்தது. ஒரு தொழிலாளி இறந்தார். தலைவர்களைச் சிறையில் போட்டார்கள், படை கலைந்தது. குடிக்காதே என்று சொல்லப் போனவர்களை அரசு ஏன் அப்படிப் பார்த்தது? பத்துப் பேர் குடிக்காமல் இருப்பதில் அரசுக்குப் பயமில்லை. நூறு பேர் ஒரே வரிசையில் நின்றதுதான் பயம் என்று நான் நினைக்கிறேன்.

கேள்வி: சயாம் ரயில் பாதையில் இறந்த தமிழர்கள் எத்தனை பேர்? ஒவ்வொருவர் ஒரு கணக்குச் சொல்கிறார்கள்.
– வாசகர், மதுரை

ஐயா, அந்தப் பாதையில் என் சித்தப்பா ஒருவர்.

போர்க்காலத்தில் ஜப்பான்காரர்கள் போட்ட 415 கிலோமீட்டர் பாதை. தாய்லாந்தின் நோங் பிளாடுக்கில் இருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை. 1942-ல் தொடங்கி 1943 அக்டோபரில் இரண்டு முனையையும் சேர்த்துவிட்டார்கள். வெள்ளைக்காரக் கைதிகள் 60,000 பேருக்கு மேல் வேலை செய்தார்கள், 12,000 பேருக்கு மேல் இறந்தார்கள். அந்தக் கணக்கு இவ்வளவு சரியாக இருக்கக் காரணம், அவர்கள் ராணுவம். முகாமில் அதிகாரி உண்டு, மருத்துவர் உண்டு, பெயர்ப் பட்டியல் உண்டு. ஒளித்து வைத்த காகிதத்திலாவது எழுதினார்கள். ஆசியத் தொழிலாளர்களாகப் போன பர்மியர், தமிழர், மலாய்க்காரர், ஜாவாக்காரர், சீனர் ஆகியோருக்கு யாரும் எழுதவில்லை. எல்லாரையும் சேர்த்து 90,000 பேர் வரை இறந்திருக்கலாம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு. மலாயாவில் இருந்து போனவர்களில் பெரும் பகுதி தோட்டத் தமிழர்கள். தனியாக இத்தனை தமிழர் என்று யாராவது துல்லியமாக ஓர் எண் சொன்னால், அந்தப் பட்டியல் எங்கே என்று கேளுங்கள்.

முதலில் மூன்று மாதம் வேலை, நல்ல கூலி, திரும்பிவிடலாம் என்று சொல்லித்தான் கூப்பிட்டார்கள். மூன்று மாதம் கழித்து யாரும் திரும்பாததால் அப்புறம் கூப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பிடித்துக்கொண்டு போனார்கள். 1943-ல் சித்தப்பாவுக்கு 19 வயது. மூடிய சரக்கு வண்டியில் ஏற்றி, தாய்லாந்தில் இறக்கி, அங்கிருந்து காட்டு வழியே நடத்தினார்கள். அந்த வருட மழையில் காலரா பரவியது. கைதிகளின் முகாமில் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கச் சொல்ல மருத்துவர் இருந்தார். எங்கள் ஆட்களின் முகாமில் அதைச் சொல்லக்கூட ஆள் இல்லை. சித்தப்பாவோடு போனவர்களில் ஒருவர் 1946-ல் திரும்பி வந்து, 'ஆற்றங்கரைக் கொட்டகையில் கடைசியாகப் பார்த்தேன்' என்று மட்டும் சொன்னார். செத்தார் என்று அவர் சொல்லவில்லை. அதனால் என் பாட்டி சாகும் வரை சித்தப்பாவுக்குத் திதி கொடுக்க விடவில்லை.

காஞ்சனபுரியில் இருக்கும் போர்க் கல்லறைத் தோட்டத்துக்கு நான் போயிருக்கிறேன். கிட்டத்தட்ட 7,000 கல்லறைகள், ஒவ்வொன்றுக்கும் வெட்டிய புல், பூச்செடி. நன்றாக வைத்திருக்கிறார்கள், அவர்கள் பிள்ளைகளும்தான் பட்டினியில் செத்தார்கள். நான் வரிசை வரிசையாக நடந்து எல்லாப் பெயரையும் படித்தேன். தமிழ்ப் பெயர் ஒன்றும் இல்லை என்று தெரிந்தும் படித்தேன்.

கேள்வி: பன்னிரண்டு வருடம் நடந்ததைப் போர் என்று சொல்லாமல் ஏன் 'அவசரகாலம்' என்கிறார்கள்?
– வாசகர், சிங்கப்பூர்

காப்புறுதி. போர் என்று அறிவித்தால் தோட்டத்துக்கும் சுரங்கத்துக்கும் ஏற்படும் சேதத்துக்கு லண்டன் காப்புறுதி நிறுவனங்கள் பணம் கொடுக்காது. அதனால் அந்தப் பெயர் என்பதுதான் பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். 1948 ஜூனில் தொடங்கி 1960 ஜூலை 31-ல் முடிந்தது.

கேள்வி: போன இதழில் கணபதியைப் பற்றி மரியாதையாக எழுதினீர்கள். தோட்டத்தில் மண்டோராக (வேலையை மேற்பார்க்கிறவராக) இருந்த என் பெரியப்பாவைக் காட்டில் இருந்து வந்தவர்கள் லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலில் வைத்துச் சுட்டார்கள். அவர் யாருடைய எதிரி? இதையும் எழுதுவீர்களா?
– வாசகர், கோலாலம்பூர்

எழுதுகிறேன் ஐயா. உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன்.

அந்தப் பன்னிரண்டு வருடத்தில் சுமார் 2,500 பொதுமக்கள் கொல்லப்பட்டார்கள். அவர்களில் ஐரோப்பியர்கள் கொஞ்சம்தான். சீனக் கடைக்காரர், மலாய்க் கிராமத்தார், எங்கள் தோட்டத்து ஆட்கள், இவர்கள்தான் அதிகம். காட்டில் இருந்தவர்கள் அடையாள அட்டையைப் பிடுங்கி எரித்தார்கள். அட்டை இல்லாமல் வாசலுக்குப் போனால் போலீஸ் பிடிக்கும். கித்தா மரங்களை வெட்டிச் சாய்த்தார்கள், முதலாளிக்கு நஷ்டம் வர வேண்டும் என்று. வெட்டுப்பட்ட நிரையில் மறுநாள் வேலை இல்லாமல் நின்றவள் என் அம்மா. முதலாளி லண்டனில் இருந்தார். தொழிலாளிக்காகப் போராடுகிறோம் என்று சொன்னவர்கள் மண்டோரையும் கிராணியையும் கொன்றதை நான் நியாயப்படுத்த மாட்டேன். உங்கள் பெரியப்பா யாருடைய எதிரியும் இல்லை.

ஒன்று மட்டும் சொல்ல விடுங்கள். சங்கம் வெளிச்சத்தில் இருந்தவரை அதில் இருந்தவர்களோடு மேஜையில் உட்கார்ந்து வாதாட முடிந்தது. அந்தக் கதவைச் சாத்திய பிறகு காட்டுக்குப் போனவர்களும் உண்டு, பயந்து வாயை மூடிக்கொண்டவர்களும் உண்டு. மூடிக்கொண்டவர்களே அதிகம். 1954-ல் தோட்டத் தொழிலாளர்களுக்குத் தேசிய அளவில் ஒரே சங்கம் உருவாகும்வரை எங்கள் ஆட்களுக்கு வலுவான குரல் இல்லை. உருவான சங்கமும் ஒவ்வோர் அடியையும் பார்த்துப் பார்த்து வைத்துத்தான் நடந்தது. அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. கணபதிக்கு நடந்ததைப் பார்த்தவர்கள் அவர்கள்.

கேள்வி: டீச்சர், என் அம்மாவுக்கு 88 வயது. தோட்டத்தில் பால் வெட்டியவர். இப்போது மறதி நோய். வெளியே கிளம்பினால் "ஐசி எடுத்தியா, ஐசி எடுத்தியா" என்று அடையாள அட்டையைப் பற்றிப் பத்துத் தடவை கேட்கிறார். அது பரவாயில்லை. என் பையில் சாப்பாட்டு டப்பா இருந்தால் எடுத்து மேஜை மேல் வைத்துவிடுகிறார். வேலைக்குச் சாப்பாடு கொண்டுபோக விடுவதே இல்லை. திட்டினால் அழுகிறார். டாக்டருக்கும் புரியவில்லை. உங்கள் தலைமுறைக்காவது தெரியுமா?
– வாசகி, ஈப்போ

தெரியும் அம்மா. திட்டாதீர்கள்.

உங்கள் அம்மாவுக்கு அப்போது பதின்மூன்று, பதினான்கு வயது இருக்கும். வேலைக்குப் போகத் தொடங்கியிருப்பார். 1950-ல் இருந்து நாடு முழுவதும் சிதறிக் கிடந்த குடியிருப்புகளை ஓரிடத்தில் சேர்த்து வேலி போட்டார்கள். சீனர்கள் சுமார் ஐந்து லட்சம் பேரைப் புதுக்கிராமங்களுக்குக் கொண்டுபோனார்கள். அது எல்லாருக்கும் தெரிந்த கதை. தோட்டத்து லயங்களையும் அதே போல ரோட்டோரமாக நகர்த்திக் கம்பி வேலிக்குள் வைத்தார்கள் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. காட்டில் இருப்பவர்களுக்குச் சாப்பாடு போகக் கூடாது என்பது திட்டம். அரிசிக்கு அளவு. பல இடங்களில் வீட்டில் அரிசி வைத்துக்கொள்ளக் கூடாது, ஒரே இடத்தில் சமைத்துச் சோறாகத்தான் கொடுப்பார்கள். கடையில் டின் வாங்கினால் அங்கேயே ஓட்டை போட்டுக் கொடுப்பார்கள், சேர்த்து வைக்க முடியாதபடி. காலையில் வேலிக் கதவில் வரிசை. ஐசியைக் காட்ட வேண்டும். பன்னிரண்டு வயதுக்கு மேல் எல்லாருக்கும் படமும் கைரேகையும் வைத்த அட்டை. அப்புறம் சோதனை. பெண்களைச் சோதிக்கப் பெண்கள் இருப்பார்கள். பால் வாளிக்குள் கை விட்டுப் பார்ப்பார்கள். சேலை மடிப்பை அவிழ்த்துப் பார்ப்பார்கள். ஒரு கைப்பிடி சோறு இருந்தாலும் கொடுக்கப் போகிறாயா, யாருக்கு என்று கேள்வி.

பால் வெட்டுகிறவர்களுக்கு விடியற்காலைதான் முக்கியம். குளிர் இருக்கும்போது வெட்டினால்தான் பால் நிறைய வடியும், வெயில் ஏற ஏற நின்றுவிடும். ஊரடங்கால் கதவு நேரத்துக்குத் திறக்காது. திறந்தாலும் சோதனையில் அரை மணி போகும். பால் குறையும், கூலி குறையும். அதுவும் வெறும் வயிற்றில். பசியாறக் கொண்டுபோக முடியாதே. அம்மா மதியம் பன்னிரண்டு மணிக்கு மேல் வந்துதான் அந்த நாளின் முதல் சோறு சாப்பிடுவார். நான் வேலிக்கு உள்ளே நின்று அம்மா வரும் பாதையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அந்தக் கம்பியின் துரு வாசனை இப்போதும் எனக்குத் தெரியும்.

எங்கள் லயத்தில் கடைசி வீட்டில் இருந்த ஒருவர் ஒரு நாள் சோற்றுப் பொட்டலத்தோடு மாட்டினார். தனக்குத்தான் என்றார். அவர் 1947-ல் சங்கத்துக்குச் சந்தா வசூலித்தவர் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். சில மாதம் காவலில் வைத்து, அப்புறம் ரஜூலா கப்பலில் ஏற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிட்டார்கள். அவர் மனைவிக்கு இந்தியாவில் யாரையும் தெரியாது, இங்கேயே பிறந்தவர். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் 'சங்கம்' என்ற சொல்லை அப்பா உரக்கச் சொன்னதே இல்லை. நான் ஆசிரியர் சங்கத்தில் சேர்ந்தபோது அம்மா கேட்ட முதல் கேள்வி, "அதில பேரு எழுதிக்குவாங்களா?"

உங்கள் அம்மா உங்களைக் கொடுமைப்படுத்தவில்லை. கதவில் மாட்டாமல் காப்பாற்றுகிறார். நான் என் அம்மாவின் கடைசி இரண்டு வருடத்தில் செய்ததைச் சொல்கிறேன், முயன்று பாருங்கள். கிளம்பும் முன் உங்கள் ஐசியை அவர் கையில் கொடுங்கள். அவர் பார்க்கட்டும், தடவட்டும், அவரே உங்கள் பையில் வைக்கட்டும். டப்பாவை அவர் கண்ணில் படாமல் முதல் நாளே வண்டியில் வைத்துவிடுங்கள். காலையில் பத்து நிமிடம் முன்னால் எழுந்து, அவர் பார்க்க உட்கார்ந்து பசியாறிவிட்டுப் போங்கள். நீங்கள் சாப்பிட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போகிறீர்கள் என்று அவருக்குத் தெரிய வேண்டும். என் அம்மா அதைப் பார்த்த பிறகுதான் கதவைத் திறந்துவிடுவார்.